சனிக்கிழமை வரவும் செவ்வாய்க்கிழமைச் செலவும்

இல்லறமும் உழைப்பும்

மணம் பேச வருவோர் கேட்கும் கேள்விகளில் முதன்மையானது, மாப்பிள்ளைக்கு மாத வருமானம் எவ்வளவு என்பது. அவர் ஆசிரியராகவோ அலுவலகத்தில் பணிபுரிபவராகவோ இருந்தால் ஒரே எண்ணில் விடை கிடைத்துவிடும். ஆட்டோவோ டாக்சியோ ஓட்டும் இளைஞரிடம், அதிலும் கைப்பேசிச் செயலியின் வழியே சவாரி பெற்று ஓட்டுபவரிடம், இதே கேள்வியைக் கேட்டால் அவர் சற்றே தயங்குவார். தயக்கத்தைக் கண்ட பெண் வீட்டார், பையன் எதையோ மறைக்கிறான் என்று எண்ணிக்கொள்வதுண்டு. உண்மையில் மறைப்பதற்கு அவரிடம் ஒன்றுமில்லை. எந்த நாளின் வருமானத்தைச் சொல்வது, எந்தப் பகுதியில் ஓடிய நாளைச் சொல்வது என்பதே அவருடைய குழப்பம். சனிக்கிழமையைச் சொன்னால் பெருமை பேசியதாகும். செவ்வாய்க்கிழமையைச் சொன்னால் பெண் கிடைக்காது.

செயலிவழித் தொழிலாளர் குடும்பங்கள் இன்று நம் பங்குகளில் பெருகி வருகின்றன. நிதி ஆயோக் 2022ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, 2020-21இல் நம் நாட்டில் இத்தகைய தொழிலாளர் 77 இலட்சம் பேர். 2029-30இல் அத்தொகை 2 கோடியே 35 இலட்சமாக உயரக்கூடும். உணவும் பொருளும் கொண்டு சேர்ப்பவர்களும் இக்கணக்கில் அடங்குவர். இம்மாதம் நாம் எடுத்துக்கொள்வது பயணிகளை ஏற்றிச் செல்லும் ஓட்டுநர் குடும்பங்களை மட்டுமே. அவர்களுடைய வரவு நாளுக்கு நாள், இடத்துக்கு இடம் ஏன் இவ்வளவு மாறுகிறது, அந்த மாற்றத்தின் சுமையை யார் சுமக்கிறார்கள் என்பதைச் சற்று நிதானமாகக் காண்போம்.

சென்னையை எடுத்துக்கொள்வோம். நகரம் ஒன்றே எனினும் ஓட்டுநருக்கு அது பல நகரங்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் கணினி நிறுவனங்கள் வரிசையாக நிற்கின்றன. அங்கே திங்கள் முதல் வெள்ளி வரை காலையும் மாலையும் சவாரிக்குக் குறைவிராது. சனி, ஞாயிறு ஆகிய நாள்களில் அதே சாலை ஓய்ந்து கிடக்கும். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக்குப் பின், வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே பணி செய்யும் வழக்கம் பல நிறுவனங்களில் நிலைபெற்றுவிட்டபடியால், அந்த ஐந்து நாள்களும்கூட இன்று ஒன்றுபோல் இல்லை. தியாகராய நகரோ இதற்கு நேர்மாறு. அங்கே ஞாயிற்றுக்கிழமை மாலை, அதிலும் தீபாவளிக்கும் கிறிஸ்துமசுக்கும் பொங்கலுக்கும் முந்திய வாரங்கள், ஓட்டுநருக்கு அறுவடைக் காலம். எழும்பூரிலும் தாம்பரத்திலும் தென் மாவட்ட இரவு இரயில்கள் வந்து சேரும் விடியற்காலையே பொழுது. ஊருக்குச் சென்றவர்கள் திரும்பும் திங்கட்கிழமை விடியல் அங்கே மற்ற விடியல்களைவிடச் சிறந்தது.

ஓர் இடத்தின் வளமும் நிலையானதன்று. கோயம்பேட்டுப் பேருந்து நிலையத்தை நம்பிப் பல ஆண்டுகள் அருகிலேயே குடியிருந்து ஓட்டியவர்கள் எத்தனையோ பேர். 2023 டிசம்பர் 30ஆம் நாள் கிளாம்பாக்கத்தில் புதிய முனையம் திறக்கப்பட்டது. அடுத்து வந்த வாரங்களில் தென் மாவட்டப் பேருந்துகள் அங்கே மாற்றப்பட்டன. விடியற்காலையில் மூட்டை முடிச்சுகளுடன் கோயம்பேட்டில் இறங்கிய பயணி, ஏறத்தாழ 25 கிலோமீட்டருக்கு அப்பால் இறங்கலானார். ஓட்டுநர் எந்தத் தவறும் செய்யவில்லை, சோம்பலும் கொள்ளவில்லை. ஆயினும் வாடகைக்குக் குடியிருக்கும் வீடு ஓரிடத்திலும் பிழைப்பு வேறிடத்திலுமாக ஆகிவிட்டது. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை மாற்றிக்கொண்டு வண்டலூர்ப் பக்கம் குடிபோவதா, அல்லது நாள்தோறும் வெறும் வண்டியைக் காலையில் தெற்கே ஓட்டிச்சென்று எண்ணெய்க்காசு இழப்பதா? இத்தகைய கேள்விக்கு மாதச் சம்பளக்காரர் வீட்டில் இடமில்லை. இவர்கள் வீட்டில் அது சோற்றோடு சேர்த்துப் பேசப்படுகிறது.

கிழமை மட்டுமன்றிப் பஞ்சாங்கமும் இத்தொழிலில் உண்டு. முகூர்த்த நாள் என்றால் மண்டபச் சவாரி. ஆடி பிறந்தால் அது இல்லை. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி ஆலயத் திருவிழா நடைபெறும் நாள்களில், கத்தோலிக்கரல்லாத ஓட்டுநரும் கொடியேற்றம் என்றைக்கு என்று கேட்டு வைத்துக்கொள்வார். சிறு நகரங்களில் நிலை வேறு. அங்கே செயலியைவிட ஸ்டாண்டும் பழகிய வாடிக்கையாளருமே பெரிது; பள்ளிப் பிள்ளைகளை மாதக் கணக்கில் ஏற்றிச் செல்லும் சவாரி ஒன்று கைவசம் இருந்தால், வீட்டு வாடகைக்கு அதுவே உறுதி. மே மாதத்தில் மட்டும் அந்த உறுதியும் விடுமுறை எடுத்துக்கொள்ளும்.

இனி, கணக்குக்கு வருவோம். பயணிகளாகிய நாம் காண்பது மொத்த வரவை மட்டும். குடும்பம் உண்பது எஞ்சியதை. கீழே வருவது எவருடைய உண்மைக் கணக்குமன்று, விளக்கத்திற்காக நாமே வைத்துக்கொண்டது. வாடகை ஆட்டோ ஓட்டும் ஒருவர் சனிக்கிழமை ரூ. 1,800 ஈட்டுகிறார். செவ்வாய்க்கிழமை அதே பத்து மணி நேரம் உழைத்து ரூ. 1,000 ஈட்டுகிறார். வண்டி வாடகை இரு நாளும் ரூ. 350. எரிபொருள் சனிக்கிழமை ரூ. 400. செவ்வாய்க்கிழமை சவாரி குறைவெனினும், சவாரி தேடி வெறும் வண்டியாய்ச் சுற்றியமையால் எரிபொருள் ரூ. 350க்குக் குறையவில்லை. செயலிக்குக் கட்டணம் ரூ. 50. தேநீர், மதிய உணவு ரூ. 150. கழித்துப் பார்த்தால் சனிக்கிழமை வீட்டுக்கு வருவது ரூ. 850, செவ்வாய்க்கிழமை வருவது ரூ. 100. மேலே பார்த்தபோது இரு நாள்களுக்குமிடையே இரு மடங்கு வேறுபாடுகூட இல்லை. அடியில் பார்த்தால் எட்டரை மடங்கு! செலவுகள் நாள் பார்த்துக் குறைவதில்லை என்பதே இதன் காரணம். ஆட்டோக்காரர் நன்றாகச் சம்பாதிக்கிறார் என்று சனிக்கிழமை மாலைப் பயணத்தில் முடிவு செய்பவர், செவ்வாய்க்கிழமை இரவு அவர் வீட்டு அடுப்பங்கரையை எட்டிப் பார்த்ததில்லை.

செயலிக்குக் கட்டும் கட்டணத்தைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். முன்பு ஒவ்வொரு சவாரியிலும் ஒரு பங்கைக் கமிஷனாக நிறுவனங்கள் பிடித்துக்கொண்டன. பெங்களூரில் 2022 நவம்பரில் தொடங்கிய ‘நம்ம யாத்திரி’ செயலி கமிஷனை விட்டு, நாள் ஒன்றுக்கு ரூ. 25 என்னும் சிறு சந்தா முறையைப் பின்னர் ஏற்றது. 2025இல் ஊபர் நிறுவனமும் ஆட்டோக்களுக்குச் சந்தா முறைக்கு மாறியது. ஓட்டுநர்கள் இதை வரவேற்றார்கள், வரவேற்கத்தக்கதே. ஆனால் நுணுகிப் பார்த்தால் ஒன்று தெரியும். கமிஷன் என்பது சவாரி இருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. சந்தாவோ கட்டிய நாளில் சவாரி ஒன்றாயினும் பத்தாயினும் ஒரே தொகை. நல்ல நாளின் ஆதாயம் முழுவதும் ஓட்டுநருக்கு. மோசமான நாளின் இழப்பு முழுவதும் அவருக்கே.

இந்த ஏற்ற இறக்கத்தை ஓட்டுநர்கள் எவ்வாறு சமாளிக்கிறார்கள் என்பதைப் பொருளியலார் நெடுநாளாக ஆராய்ந்து வருகின்றனர். நியூயார்க் நகர டாக்சி ஓட்டுநர்களைப் பற்றி 1997இல் காமரரும் அவருடைய தோழர்கள் மூவரும் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. இன்றைக்கு இவ்வளவு என்று மனத்தில் ஒரு தொகையை வைத்துக்கொண்டு, அது கிடைத்ததும் ஓட்டுநர் வீடு திரும்பிவிடுகிறார். கிடைக்காத நாளில் நள்ளிரவு வரை ஓட்டுகிறார் என்பது அவர்கள் கண்டது. அதாவது, மணிக்கு அதிகம் கிடைக்கும் நாளில் குறைவாகவும், குறைவாகக் கிடைக்கும் நாளில் அதிகமாகவும் உழைக்கிறார். ஃபார்பர் என்பவர் 2015இல் இதை மறுத்தார். 2009 முதல் 2013 வரையிலான பதிவுகளைக் கொண்டு, பெரும்பாலோர் நல்ல வரும்படி உள்ளபோதே கூடுதலாக ஓட்டுகின்றனர் என்று அவர் காட்டினார். மழைநாள் ஓட்டுநருக்குக் கொழுத்த நாள் என்னும் எண்ணத்தையும் அவர் ஒப்பவில்லை: மழையில் பயணி மிகுந்தாலும் வண்டி நகர்வதில்லை, ஆகவே மணிக்கணக்கு வரவு உயர்வதில்லை. வடகிழக்குப் பருவமழையில் வேளச்சேரியில் வண்டி ஓட்டியவர்க்கு இதைச் சொல்ல நியூயார்க் வேண்டுவதில்லை.

அறிஞர் வழக்கு எப்படி முடிந்தாலும், நாள் இலக்கு வைத்து ஓட்டும் வழக்கம் நம் ஊரில் பலரிடம் இருப்பதை மறுப்பதற்கில்லை. அதற்குத் தக்க காரணமும் உண்டு. தண்டல்காரர் நாள்தோறும் வருகிறார். வண்டி வாடகை நாள்தோறும் கொடுக்க வேண்டியிருக்கிறது. செலவு நாள் கணக்கில் நிற்கும்போது வரவை மட்டும் வாரக் கணக்கில் பார் என்று சொல்வது எளிது, செய்வது அரிது. ஆயினும் இல்லத்தரசியர் கையில் இதற்கு ஓரளவு மருந்து இருக்கிறது. ஓட்டுநர் மனைவியர் சிலர் கையாளும் முறை நமக்குப் பிடித்திருக்கிறது. ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம். ஏழு கிழமைக்கும் ஏழு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மொத்த வரவை எழுதாமல், எஞ்சியதை மட்டும் எழுதுவது. நான்கு வாரம் எழுதியதும் வீட்டின் மெய்யான வாரச் சராசரி தெரிந்துவிடுகிறது. அந்தச் சராசரிக்கு மேல் வரும் நாளின் மிச்சத்தை, அன்றிரவே, கறிக்கடைக்குப் போகும் முன்பே, தனியே எடுத்து வைப்பது. அது சேமிப்பன்று; செவ்வாய்க்கிழமைக்குச் சொந்தமான பணம் சனிக்கிழமையன்று முன்கூட்டி வந்திருக்கிறது, அவ்வளவே. தண்டல் வட்டியை ஒரு மாதமேனும் தவிர்த்தவர்க்கு இந்த நோட்டின் அருமை தெரியும். டயருக்கும், எஃப்.சி.க்கும், இன்சூரன்சுக்கும் ஆண்டுக்கொரு முறை வரும் செலவை 52ஆல் வகுத்து வாரச் செலவில் சேர்த்துக்கொள்வதையும் மறக்கலாகாது. வண்டி சொந்தமாயின் தேய்மானமும் செலவே. அது பில் அனுப்பாத செலவு.

மனைவியே ஓட்டுநராகவும் இருக்கும் வீடுகள் இப்போது வந்துவிட்டன. 2025 மார்ச் 8ஆம் நாள் தமிழக அரசு சென்னையில் பெண்கள் ஓட்டும் இளஞ்சிவப்பு ஆட்டோக்களைத் தொடங்கி வைத்தது. அமெரிக்காவில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஊபர் ஓட்டுநர்களின் வரவை ஆராய்ந்து 2021இல் இதழில் வெளியான ஓர் ஆய்வு, பெண் ஓட்டுநர் ஆண் ஓட்டுநரைவிட மணிக்கு ஏறத்தாழ 7 விழுக்காடு குறைவாக ஈட்டியதைக் கண்டது. கட்டணம் கணக்கிடும் சூத்திரத்துக்கு ஆண், பெண் என்னும் வேறுபாடு தெரியாது. பின் எங்கிருந்து வந்தது அந்த 7 விழுக்காடு? அனுபவக் காலம், வண்டி ஓட்டும் வேகம், எங்கே எப்போது ஓட்டுவது என்னும் தெரிவு ஆகியவற்றிலிருந்து. சனிக்கிழமை நள்ளிரவில் வரவு கொழிக்கலாம்; பால் குடிக்கும் குழந்தையை விட்டுவிட்டுத் தாய் அந்நேரம் எங்கே போவாள்? விரும்பிய நேரத்தில் உழைக்கலாம் என்னும் சுதந்தரம் எல்லார்க்கும் ஒரே அளவில் அளக்கப்படவில்லை.

இங்கே நம் திருமறைக்கு ஒரு தொடர்பு உண்டு. மத்தேயு நற்செய்தி 20ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறிய திராட்சைத் தோட்ட உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கடைசி மணி நேரத்தில் அழைக்கப்பட்டவர்களுக்கும் முழு நாள் கூலியாகிய ஒரு தெனாரியம் கிடைத்தது. அவர்கள் அதுவரை எங்கே இருந்தார்கள்? சந்தைவெளியில். என்ன செய்துகொண்டிருந்தார்கள்? நின்றுகொண்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, எவரும் தங்களை வேலைக்கு அமர்த்தவில்லை என்றார்கள். இவ்வுவமை இறைவனின் இரக்கத்தைப் பற்றியது, கூலி விகிதப் பட்டியலன்று என மறைநூல் அறிந்தோர் நம்மைத் திருத்தக்கூடும். சரியே. ஆயினும் அந்தத் தோட்ட உரிமையாளர், அவர்கள் நின்ற நேரத்தை வீண்பொழுதாகக் கருதவில்லை என்பதையும் கவனிக்கவேண்டுமன்றோ? வேலைக்கு ஆயத்தமாய் நிற்பதும் அவர்களுடைய நாளின் ஒரு பகுதியே. மாலையில் அவர்களுக்கும் பசிக்கும் குடும்பம் உண்டு.

செயலி ஓட்டுநரின் நாளில் பெரும்பங்கு இந்தச் சந்தைவெளிதான். நியூயார்க் நகர நிர்வாகத்திற்காகப் பேரட், ரைக் என்னும் இரு பொருளியலார் 2018இல் செய்த ஆய்வில், அந்நகரத்துச் செயலி ஓட்டுநரின் பணி நேரத்தில் பயணி வண்டியில் இருந்தது 58 விழுக்காடே எனத் தெரிந்தது. எஞ்சிய நேரம் காத்திருப்பதிலும், பயணி நிற்குமிடம் தேடிச் செல்வதிலும் கழிந்தது. கிழமைக்கும் இடத்துக்கும் ஏற்ப வரவு மாறுவதெல்லாம், நுணுகிப் பார்த்தால், பெரும்பாலும் இந்தக் காத்திருப்பு மாறுவதே ஆகும். அதைக் குறைக்க நிறுவனத்துக்கு இயல்பாக அக்கறை இருப்பதில்லை. காத்திருக்கும் வண்டிகள் மிகுந்திருந்தால் பயணிக்கு வண்டி விரைவில் கிடைக்கிறது, நிறுவனத்துக்கு நற்பெயர். காத்திருப்பதன் செலவோ ஓட்டுநருடையது.

1891 மே 15ஆம் நாள் ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடலை வெளியிட்ட திருத்தந்தை 13ஆம் லியோ (நம் முன்னோர் சிங்கராயர் என்று அழகாகத் தமிழ்ப்படுத்தி அழைத்தவர்), தொழிலாளியும் முதலாளியும் ஒப்புக்கொண்ட கூலி என்பதால் மட்டும் அது நீதியான கூலி ஆகிவிடாது என்று கற்பித்தார். தேவையின் நெருக்கடியால் குறைந்த கூலிக்கு உடன்படுகிறவன் வன்முறைக்கு ஆளானவன் என்றே அவர் கொண்டார். 1981இல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், உழைப்பைப் பற்றிய தமது சுற்றுமடலில், குடும்பத்தைத் தாங்கப் போதுமானதே நீதியான ஊதியம் என்றார். நேரே வேலை தருபவர் மட்டுமன்றி, வேலையின் நிலைமைகளை மறைமுகமாக வகுக்கிறவர்களுக்கும், முதலாவதாக அரசுக்கும், பொறுப்பு உண்டு என்றும் விளக்கினார். 2025 மே மாதம் பொறுப்பேற்ற திருத்தந்தை 14ஆம் லியோ தாம் இப்பெயரைத் தெரிந்துகொண்டதற்கு 13ஆம் லியோவையும் அச்சுற்றுமடலையுமே முதன்மைக் காரணமாகக் கர்தினால்மாரிடம் கூறினார். செயற்கை நுண்ணறிவு உழைப்பின் மாண்புக்கு விடுக்கும் அறைகூவலையும் சேர்த்துச் சொன்னார். எந்த ஓட்டுநருக்கு எந்தச் சவாரி என்று இன்று தீர்மானிப்பது ஒரு மேலாளரல்லர், ஒரு கணிப்பொறி என்பதை நினைத்தால் அச்சொல்லின் பொருள் நமக்கு அருகில் வருகிறது.

காத்திருக்கும் நேரத்துக்கு வழி காண முடியாதா? கண்டவர்கள் உண்டு. நியூயார்க் நகரம் 2019 பிப்ரவரி 1 முதல் ஒரு குறைந்தபட்ச ஊதிய விதியை நடைமுறைப்படுத்தியது. செலவு போக மணிக்கு 17 டாலர் 22 சென்ட் ஓட்டுநருக்கு எஞ்சவேண்டும் என்று கணக்கிட்டு, சவாரியின் நிமிடத்துக்கும் மைலுக்கும் விகிதம் வகுத்தார்கள். அதில் நம் கருத்தைக் கவர்வது ஒரு வகுத்தல். பணி நேரத்தில் எவ்வளவு பங்கு பயணி இருந்தாரோ, அந்தப் பங்கால் விகிதத்தை வகுக்கவேண்டும். பாதி நேரமே பயணி இருந்தால், சவாரி நிமிடத்துக்கு இரு மடங்கு கொடுக்கவேண்டும். மூன்றில் இரு பங்கு நேரம் இருந்தால் ஒன்றரை மடங்கு போதும். வண்டிகளைச் சும்மா நிற்க வைத்தால் இனி நிறுவனத்துக்கே செலவு. இதன் பக்கவிளைவையும் சொல்லியாகவேண்டும். நிறுவனங்கள் மந்தமான நேரங்களில் ஓட்டுநர்களைச் செயலிக்குள் நுழையவிடாமல் தடுக்கத் தொடங்கின. வேண்டிய நேரத்தில் ஓட்டலாம் என்று நம்பி வந்தவர்களுக்கு அது கசந்தது. ஆயினும், கூலியின்றி நிற்பதினும் வீட்டில் இருப்பது மேல் என்பது நம் எண்ணம்.

இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 19ஆம் நாள் ஊபர் வழக்கில் அளித்த தீர்ப்பு இன்னும் தெளிவானது: உரிமம் பெற்ற பகுதியில் செயலியைத் திறந்து சவாரி ஏற்க ஆயத்தமாக இருக்கும் நேரமும் வேலை நேரமே. கலிபோர்னியாவிலோ 2020 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பால் நிறைவேறிய 22ஆம் முன்மொழிவு, குறைந்தபட்ச ஊதியத்தின் 120 விழுக்காட்டை உறுதி செய்தது. ஆனால் சவாரியை ஏற்றது முதல் முடிக்கும் வரையிலான நேரத்துக்கு மட்டும். எண் பெரிது; அளக்கும் நாழி சிறிது.

நம் நாட்டில் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. செயலி நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காட்டைத் தொழிலாளர் நலனுக்கு அளிக்கவேண்டும் என்று அது கூறுகிறது. தமிழகத்தில் 2023ஆம் ஆண்டின் இறுதியில் இத்தொழிலாளருக்கென நலவாரியம் அமைக்கப்பட்டது. பதிவு செய்யாதவர்கள் உடனே பதிவு செய்துகொள்ள வேண்டும். இவையெல்லாம் விபத்துக்கும் நோய்க்கும் முதுமைக்கும் துணையாவன, செவ்வாய்க்கிழமைக்கு அல்ல. அதற்குச் சற்று அருகில் வருவது, 2025 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள். வெறும் வண்டியாய் ஓடும் தொலைவை ஈடுசெய்ய, அடிப்படைக் கட்டணம் குறைந்தது 3 கிலோமீட்டருக்கு இருக்கவேண்டும் என்றும், சொந்த வண்டி ஓட்டுநருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 விழுக்காடு சேரவேண்டும் என்றும் அவை கூறுகின்றன. மாநிலங்கள் ஏற்றுச் செயல்படுத்தினால்தான் அவற்றுக்கு உயிர். நம் மாநிலத்தில் ஆட்டோவுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு ரூ. 25, அதற்கு மேல் கிலோமீட்டருக்கு ரூ. 12 என 2013 ஆகஸ்டில் வகுத்த மீட்டர் கட்டணம், பத்தாண்டு கடந்தும் உயர்த்தப்படாமல் கிடந்ததை நினைத்தால் நமக்குப் பெருநம்பிக்கை எழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பற்றி ஓட்டுநர் வீடுகளில் மனக்கலக்கம் இருப்பதை அறிவோம். நல்ல வரும்படி உள்ள நாளில் வண்டியை நிறுத்திவிட்டுக் கோயிலுக்கு வருவதா என்பது அவர்களுக்குப் பேச்சளவுக் கேள்வியன்று. மேலே கண்ட கணக்கில் அந்த ஒரு காலைப்பொழுது வாரத்தின் எஞ்சிய தொகை முழுவதுமாகவும் இருக்கலாம். திருச்சபைச் சட்டம் இதில் கடுமை காட்டவில்லை. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 1248ஆம் விதிப்படி, சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்குகொள்வோரும் ஞாயிறு கடனை நிறைவேற்றியவரே. தக்க காரணம் இருப்பின், தனிப்பட்ட நேர்வுகளில் கடனிலிருந்து விலக்களிக்கப் பங்குத்தந்தைக்கு 1245ஆம் விதி அதிகாரம் அளிக்கிறது. ஆனால் சனிக்கிழமை மாலைதான் ஓட்டுநருக்கு முதல் தரமான நேரம்! ஆகவே பங்குப் பேரவைகள் ஓட்டுநர்களையே கேட்டு, விடியற்காலைத் திருப்பலி ஒன்றை அவர்கள் நேரத்துக்கு அமைப்பது நலம். ஓய்வு நாளையும் ஞாயிறிலிருந்து பெயர்த்து, வரும்படி குறைந்த கிழமையில் குடும்பத்தோடு கழிக்கும் வழக்கத்தைச் சில வீடுகள் மேற்கொண்டிருக்கின்றன. பிள்ளைகளுக்கு அன்று பள்ளி இருக்கும். மாலை ஐந்து மணிக்கு மேல் அப்பா வீட்டில் இருக்கிறார் என்பதே அவர்களுக்குப் பெரிது.

பயணிகளாகிய நமக்கும் சில சொல்லவேண்டும். “சார், எங்கே போகணும்?” என்று ஓட்டுநர் தொலைபேசியில் கேட்பது பலருக்கு எரிச்சலூட்டுகிறது. அக்கேள்விக்குப் பின்னே இருப்பது திரும்பும் வழி. மாலையில் நகருக்குள் வரும் சவாரி என்றால் அடுத்த சவாரி உடனே கிடைக்கும். இரவு பத்து மணிக்குப் புறநகரின் கடைசித் தெருவில் இறக்கிவிட்டால், வெறும் வண்டியாய்ப் பதினைந்து கிலோமீட்டர் திரும்பவேண்டும். அந்த எரிபொருளை எவரும் தருவதில்லை. ஏற்றுக்கொண்ட சவாரியை அவர் தள்ளுவதை நாம் சரி என்று கூறவில்லை. காரணத்தை மட்டும் கூறுகிறோம். இரண்டு செயலிகளில் ஒரே நேரத்தில் வண்டி அழைத்து, முந்தி வந்ததில் ஏறி மற்றதை இரத்து செய்யும் பழக்கம் படித்தவர்களிடையே மிகுதியாகக் காணப்படுகிறது. அந்த இரண்டாம் ஓட்டுநர் வந்த தொலைவு அவர் செலவு. வண்டி வாசலில் வந்து நின்ற பிறகு புடவை மாற்றத் தொடங்கும் வீடுகளும் உண்டு. செருப்பை மாட்டிக்கொண்ட பிறகு செயலியைத் திறந்தால் போதும்.